பாதி மருந்தை நீங்கள் குடித்தீர்கள்

மைனி,

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். முற்றத்தில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருக்கிறது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் வெள்ளை மருந்து டம்ளரோடு நீங்கள் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்துவிட்டது. ஊருக்கு நீங்கள் என் அண்ணன் மனைவி. எனக்கு என்னவென்று சொல்ல இன்னும் வார்த்தை அகப்படவில்லை.

என் மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பாலும் கஞ்சித் தெளிவும் இறங்கும். குழையப் பிசைந்து ஒரு வாய் சோறு கொடுத்தால் நெஞ்சில் நின்று, கண் பிதுங்கி, அப்படியே திரும்பி வரும். பிள்ளை நாளுக்கு நாள் குச்சியாகிக்கொண்டு வந்தாள். பிழைப்பாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

"வெள்ளை மருந்தைக் குடிக்க வச்சு எக்ஸ்ரேயில பாத்தாத்தான் எங்கன அடைக்குன்னு தெரியும். வெறும் வயித்தோட திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்றார் தென்காசி டாக்டர். நீங்கள் விட்டால்தானே! "எக்ஸ்ரேயாவது ஒண்ணாவது! இது தொக்கம்ட்டி. தின்னது உள்ள ஒட்டிக் கெடக்கு. எடுத்தாச் சரியாப் போவும்" என்று ஒரே பிடியாக நின்றீர்கள்.

குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தொக்கம் எடுக்கிறவர் பிள்ளையின் வயிற்றில் எண்ணெய் தடவி, வாயருகே குழலை வைத்து உறிஞ்சி, வாழை இலையில் ஒரு முறுக்குத் துண்டைத் துப்பிக் காட்டினார். நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். எனக்கு வந்ததே கோபம்!

"சோறே எறங்காத பிள்ளைக்குள்ள முறுக்கு எந்த வழியாப் போச்சு மைனி?"

பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி வந்தீர்கள். மறுநாள் விடியுமுன் பையும் கையுமாக என் வாசலில் நிற்கிறீர்கள். "கெளம்புட்டி, ரயிலுக்கு நேரமாச்சு. ஒனக்கு வாய் நீளந்தான். ஆனா கேட்டது ஞாயம்."

ரயிலில் காப்பி வந்தது. வேண்டாம் என்றுவிட்டீர்கள். "பிள்ளை பட்டினி கெடக்கையில நமக்கென்னட்டி காப்பி?" வெறும் வயிறு பிள்ளைக்கு மட்டும்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விரதம் என்றால் வீட்டுக்கே விரதம் உங்களுக்கு.

எக்ஸ்ரே அறை ஒரே இருட்டு. சிவப்புக் கண்ணாடி போட்ட டாக்டரைப் பார்த்ததுமே பிள்ளை வீறிட்டாள். மருந்தை வாயில் வைத்தால் துப்பினாள். "குடிக்கலைன்னா ஒண்ணும் பாக்க முடியாதும்மா. இன்னொரு நாள் வாங்க" என்று டாக்டர் எழுந்துவிட்டார். இன்னொரு நாள் வரைக்கும் இவள் இருப்பாளா?

நீங்கள் வெடுக்கென்று டம்ளரைப் பிடுங்கினீர்கள். "இங்கன பாரு ராசாத்தி, அத்தை பாயாசம் குடிக்கேன்!" மடக்மடக்கென்று பாதி டம்ளர் உள்ளே போய்விட்டது.

"ஏம்மா! அது பிள்ளைக்கு அளந்து வச்ச மருந்து!"

"பிள்ளைக்கு ஆவது எனக்கு ஆவாதா? இன்னுங் கொஞ்சம் கலக்குங்க சார்."

உங்கள் மேலுதட்டில் வெள்ளை மீசை. அதைப் பார்த்துப் பிள்ளை சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே குடித்தாள். எக்ஸ்ரே திரையின் பச்சை வெளிச்சத்தில் அந்த வெள்ளை மருந்து கறுப்பாக இறங்கி, நெஞ்சு நடுவில் நூலாக மெலிந்தது. "இந்த எடத்துல சோறு எறங்குற குழாய் சுருங்கியிருக்கு. விரிச்சு விட்டா சாப்பிடுவா" என்றார் டாக்டர். நான் உங்கள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த மருந்து உங்கள் வயிற்றைக் கல்லாகக் கட்டிப்போட்டதும், அண்ணன் விளக்கெண்ணெயும் கையுமாக உங்கள் பின்னாலேயே அலைந்ததும் தனிக்கதை. "பாயாசம் எப்படி மைனி?" என்று நான் கேட்காத நாளில்லை.

பலதடவை அலைந்தோம். வாய் வழியாகக் குழாய் விட்டு விட்டு விரித்தார்கள். பிறகு ஒரு மத்தியானம் உங்கள் கையால் ஒரு வாய் பருப்புச் சோறு. நாம் இருவரும் மூச்சு விடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். "எறங்கிட்டுட்டி! எறங்கிட்டு!" என்று கத்திக்கொண்டு எச்சில் கையோடு என்னைக் கட்டிக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து யார் சாப்பிட உட்கார்ந்தாலும் என் கண் தட்டுக்குப் போவதில்லை, தொண்டைக்குத்தான் போகிறது. உங்கள் பதினாறாம் நாள் பந்தியில் என் மகள் இலை முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவளுக்கு. "தின்னுட்டி, அத்தை வருத்தப்படுவா" என்றேன். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். தொண்டை அசைந்து இறங்கியது. "எறங்கிட்டு மைனி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பந்தியே திரும்பி என்னைப் பார்த்தது.