நாற்காலி ஸ்டாப்

பிப்ரவரி 6, வியாழன்

பெரியப்பா இன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. இடுப்பு மட்டும் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறதாம். காரை விட்டு இறங்கும்போதே, "என்ன சில்லறை, ஆளே இளைச்சுட்ட" என்று என் தலையில் தட்டினார். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் பிறந்தபோது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பொடிசா, சில்லறை மாதிரி" என்றாராம். வீட்டில் அதுவே என் பெயராகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைக் கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். போர்வைக்குள், டார்ச் வெளிச்சத்தில். ரஃப் நோட்டை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஓர் இடத்திலாவது உண்மை இருக்கட்டும்.

பெரியப்பாவின் கட்டில் முன்னறையில். அங்கிருந்து குளியலறைவரை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டுதான் போவார். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். கட்டில் ஸ்டாப். நாற்காலி ஸ்டாப். பிரிட்ஜ் ஸ்டாப். குளியலறைக் கதவைத் தொட்டதும், "கடைசி ஸ்டாப், எல்லாம் இறங்கு."

போன வெள்ளிக்கிழமை வேதியியல் டெஸ்டுக்குப் படிக்க அந்த நாற்காலியை என் அறைக்கு எடுத்துப் போனேன். என் முக்காலியில் முதுகு வலிக்கிறது. படித்து முடித்ததும் திருப்பி வைக்க நினைத்திருந்தேன். தூங்கிவிட்டேன். விடிகாலையில் தொப்பென்று சத்தம் கேட்டது.

அப்பாவும் அம்மாவும் அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் நான் மட்டும். அப்புறம் நாற்காலியைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தேன். தரையில் அதன் கால்கள் பதிந்த நான்கு தடம் இருக்கும். சரியாக அதன்மேலேயே வைத்தேன்.

யாரும் வைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் வச்சேன். எதுக்கு வச்சேன்?

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா அத்தையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா. அப்பா சொன்னார்: "நாற்காலி கைக்கெட்டற தூரத்துல இருந்தும் விழுந்திருக்கார். அதைப் பிடிக்கக்கூட முடியலன்னா கால்ல பலமே இல்லன்னுதானே அர்த்தம்? பகல் பூரா தனியா எப்படி விடறது?"

அத்தை சொன்ன முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகிறதாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

நாற்காலி அங்கே இல்லை. இல்லவே இல்லை. நான் வைத்த நாற்காலியைப் பார்த்துத்தான் அவர் காலைக் குறை சொல்கிறார்கள்.

எழுந்து அம்மாவிடம் போனேன். "என்னடி?" என்றாள். "தண்ணி" என்றேன். குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வேதியியலில் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. தாளை யாரிடமும் காட்டவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பிசியோதெரபி அக்கா வந்தார். பெரியப்பாவை நான்கு முறை உட்கார்ந்து எழச் சொன்னார். "கால் நல்லாத்தான் இருக்குங்க. எதையாவது ஒழுங்கா பிடிச்சு நடக்கணும், அவ்ளோதான். சக்கரம் வச்ச வாக்கர் ஒண்ணு வாங்குங்க. ரெண்டு வாரம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"ஓடற பஸ்ல ஒரு கம்பியையும் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவன் நான்" என்றார் பெரியப்பா.

"இப்ப ஓடறது பஸ் இல்லீங்க, வயசு" என்றார் அக்கா. பெரியப்பாவே சிரித்துவிட்டார்.

வாக்கர் எடை குறைவாக இருக்க வேண்டுமாம், தேவைப்பட்டால் அவரே தூக்கி நகர்த்துகிற மாதிரி. கைப்பிடி உயரத்தை ஏற்றி இறக்க முடிய வேண்டும். முக்கியமாகக் குளியலறைக்குள் நுழைய வேண்டும். கதவை அளக்கும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். 63 சென்டிமீட்டர் என்று துண்டுச்சீட்டில் எழுதிவைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

கடைக்குப் போனோம், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு.

அம்மாவுக்கு நான்கு சக்கரம் வைத்தது பிடித்திருந்தது. உட்கார இருக்கை, முன்னால் கூடை, கைப்பிடியில் பிரேக். பெரியப்பா அதன்மேல் சாய்ந்ததுதான் தாமதம், அது விறுவிறுவென்று முன்னால் ஓடியது. கடைக்காரர் பாய்ந்து பிடித்தார். பிரேக்கை அமுக்கவே பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை. "இது எக்ஸ்பிரஸ். நான் டவுன் பஸ் ஆளு."

சக்கரமே இல்லாத ஒன்றைக் காட்டி, "இதுதான் இருக்கறதிலயே லேசு" என்றார் அப்பா. ஒவ்வோர் எட்டுக்கும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். ஆறாவது எட்டில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

மூன்றாவதாகப் பார்த்தது அலுமினிய வாக்கர். முன்கால்களில் மட்டும் சின்னச் சக்கரம், பின்கால்களில் ரப்பர். தள்ளினால் நகர்கிறது, அழுத்தினால் நின்றுவிடுகிறது. நான் ஒரு கையால் தூக்கிவிட்டேன். பெரியப்பா கடையை ஒரு சுற்று சுற்றி வந்து, "இதுக்கு சொன்ன பேச்சு கேக்கத் தெரியுது" என்றார்.

அதில் இரண்டு அளவு. "அகலமானது அசையாது, அதையே எடுத்துக்குங்க. அறுபத்தொண்ணு" என்றார் கடைக்காரர். அப்பா என் சீட்டைப் பார்த்தார். "அறுபத்து மூணு இருக்கு. நுழையும்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவுக்குப் பின்னால் வாஷிங் மெஷின். கதவு முழுசாகத் திறக்காது. நான் அளந்தது சட்டத்தை.

இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டால்? "அப்பா, அது தப்பு. கதவு அவ்ளோ திறக்காது."

"பின்ன ஏன் அப்படி எழுதின?"

"தெரியாம எழுதிட்டேன்."

அப்பா முறைப்பார் என்று நினைத்தேன். "நல்லவேளை இப்பவே சொன்ன" என்று சின்னதை எடுத்தார். ஐம்பத்தைந்து. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மறுபடி அளந்தேன். கதவு ஐம்பத்தெட்டுதான் திறக்கிறது.

இவ்வளவுதானா? தப்பைச் சொன்னால் இவ்வளவுதான் நடக்குமா? இல்லை. அது வேறு, இது வேறு.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா வந்து உயரம் வைத்துக் கொடுத்தார். கை தொங்கும்போது மணிக்கட்டு வருகிற உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டுமாம். பெரியப்பா செக்கிங் வந்தது போல் நெஞ்சை நிமிர்த்தி விறைத்து நின்றார். அந்த அளவுக்கு வைத்ததும், நடக்கும்போது அவர் தோள் காதுவரை ஏறியது. அக்கா சிரித்துக்கொண்டே ஒரு துளை இறக்கினார். நடை அழகாக வந்தது.

நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுத்தான் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் முதல் வேலையாக அதைத் தடத்தின்மேல் வைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

பெரியப்பா வாக்கரைத் தொடுவதே இல்லை. அது கட்டிலோரம் மடங்கிக் கிடக்கிறது, மேலே துண்டு காய்கிறது. அவர் பழையபடி நாற்காலி, பிரிட்ஜ், சுவர் என்று பிடித்துப் போகிறார். அம்மா கேட்டால், "வண்டி டிப்போல இருக்கு" என்கிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளியிலிருந்து வந்தால் நாற்காலி சுவரோரம் கிடக்கிறது. நேற்றும் அப்படித்தான். அம்மா பெருக்கும்போது தள்ளியிருப்பாள். நான் திருப்பி வைத்தேன்.

பிப்ரவரி 22, சனி

அப்பா அத்தையிடம்: "வாங்கிக் குடுத்தும் தொட மாட்டேங்கறார். என்ன பண்றது? அந்த ரூமைப் பாத்துட்டு வந்துடலாம்."

இன்னும் ஆறு நாள்.

ராத்திரி கட்டில் கிரீச்சிட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நாற்காலி ஸ்டாப்பில் கை வைக்கும் சத்தம் கேட்டதும்தான் மூச்சு விடுகிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பள்ளி பாதி நாள்தான். ஆசிரியர்களுக்குக் கூட்டம். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

நாற்காலி சுவரோரம் இருந்தது. பெரியப்பா வாக்கரோடு குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். நிதானமாக, தோள் தாழ்ந்து, தள்ளி, அழுத்தி, தள்ளி. பிரிட்ஜைத் தாண்டினார். தொடவே இல்லை.

"படியிலேயே நின்னா எப்படி? உள்ள ஏறு" என்றார்.

"நீங்கதான் இதைத் தொடறதே இல்லையே, பெரியப்பா."

"தினமும் பகல்ல பத்து டிரிப் அடிக்கறேன். சாயங்காலம்தான் ரூட் அடைச்சிருக்கு." நாற்காலியைக் காட்டினார். "இது நடுவுல நின்னா வண்டி எப்படிப் போகும்? தினம் நகத்தி வைக்கறேன். தினம் திரும்பி வந்து நிக்குது."

நான்தான் வைக்கிறேன். நானே மறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எடுத்துட்டுப் போ, சில்லறை. உக்காந்து படி. அன்னிக்கும் படிக்கத்தானே எடுத்துட்டுப் போன."

அழுதுவிட்டேன். ரொம்ப நேரம். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லல நீங்க?"

"நீயா வந்து சொல்வேன்னு பாத்தேன். மாசக் கடைசிக்கு இன்னும் மூணு நாள் இருக்கே." இல்லத்துப் பேச்சு அவருக்கும் தெரிந்திருக்கிறது. "அதோட நானும் ஒண்ணு மறைச்சுட்டேன்ல? அன்னிக்கு நாற்காலி இல்லேன்னு பாத்தேன். நல்லா பாத்தேன். உங்கப்பனக் கூப்பிட்டிருக்கலாம். நாலு எட்டு பிடிக்காம நடக்க முடியாதான்னு திமிரு. அதான் விழுந்தேன். கேட்டவங்ககிட்ட கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

பிப்ரவரி 26, புதன்

சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். முதல் வாக்கியம் மட்டும் நான். மீதியைப் பெரியப்பா சொன்னார். "திருப்பி வச்சியே, அதுதான்டி எனக்குத் தாங்கல" என்றாள் அம்மா.

பெரியப்பா எழுந்து வாக்கரை விரித்தார். எல்லோரும் பார்க்கக் குளியலறைவரை போய்த் திரும்பினார். அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அத்தையிடம் "ரூம் வேணாம்" என்று சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போட்டிருக்கிறேன். முதுகு வலிக்கவில்லை. முன்னறைத் தரையில் அந்த நான்கு தடம் மட்டும் இருக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏறும்போது லேசாகக் கடகடக்கும்.

இப்போது கட்டில் கிரீச்சிட்டது. சக்கரம் உருள்கிறது. கடகட. பிரிட்ஜைத் தாண்டியாயிற்று. கதவு.

"கடைசி ஸ்டாப்" என்று யாருக்கோ மெதுவாகச் சொல்லிக்கொள்கிறார்.

நான் எழுந்து போகவில்லை. நாளைக்கு இயற்பியல்.