முதல் ஓலைக்குப் பிறகு

ஞாயிறு, 8

காலையிலிருந்தே புழுக்கம். தாம்பரம் மாதா கோயில் பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். தடை இருந்தால் சொல்லலாமாம். யாரும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வயதில் வெட்கம். முதல் கணவர் எட்வின் இறந்து ஐந்து வருடம். இனி நான் ஜோசப்பின் மனைவி.

மாலை, மேடவாக்கத்தில் ஜோசப் ஃபிளாட். இதுவரை ஆணுறை இல்லாமல் இருந்ததில்லை. இன்று, "ஓலையே வாசிச்சாச்சு, இன்னும் எதுக்கு?" என்றார். நானும் தலையாட்டினேன். ஓலை என்ன தடுப்பூசியா? பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் இது.

திங்கள், 9

ஒன்பதாம் வகுப்பு நோட்டு பாக்கி. பால், சோப்பு.

மனசு கேட்கவில்லை. பத்து வருடம் துபாயில் தனியாக இருந்த மனிதர். போன் செய்தேன்.

"ரெண்டு பேரும் பிளட் டெஸ்ட் எடுத்துடலாம்."

"என்னை சந்தேகப்படறியா?"

"ஆமா."

கட் செய்துவிட்டார்.

புதன், 11

லேபுக்கு வந்துவிட்டார் ஜோசப், உர்ரென்று. எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். எல்லாம் எடுத்தாச்சு. லேப் பெண்: "கல்யாணத்துக்கா மேடம்? இப்படி யாருமே வர்றதில்ல."

வெள்ளி, 13

அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான். வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ். சிபிலிஸ்.

பேர் மாறிப்போச்சு என்று லேபில் கத்தினேன். மறுபடி ரத்தம், வேறு டெஸ்ட்.

சனி, 14

அதுவும் பாசிட்டிவ். டாக்டரம்மா: "பழைய தொற்று. வருஷக்கணக்கா வெளியே தெரியாம இருக்கும். வாரம் ஒரு ஊசி, மூணு வாரம். குணமாயிடும். அவருக்கு மூணு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட். அதுவரைக்கும் ஆணுறை."

"என் வீட்டுக்காரரைத் தவிர யாருமே இல்ல டாக்டர். இப்போ இவர்தான்."

டாக்டரம்மா ஊசிக்குச் சீட்டு எழுதினார்.

எட்வின்! பாவி. கல்லறைத் திருநாள் தவறாமல் மாலை போட்டேனே. முதல் ஊசி போட்டாச்சு. உட்கார முடியவில்லை.

ஜோசப்பிடம் எப்படிச் சொல்வது? கல்யாணம் நின்றுவிடும்.

ஞாயிறு, 15

இரண்டாம் ஓலை. காதில் விழவில்லை. பூசை முடிந்ததும் பைக் நிறுத்தத்தில் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில். எட்வின் பேரையும்.

ஜோசப் பைக்கில் போட்ட சாவியை மறுபடி உருவினார்.

"எனக்குத்தான் வரும்னு பயந்தேன். துபாய்ல ரெண்டு மூணு தடவை... தப்புப் பண்ணிட்டேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

தப்புப் பண்ணினவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு மூன்று ஊசி.

"அடுத்த ஊசி என்னிக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்."

அறையலாம் போல இருந்தது. "சனிக்கிழமை, பத்து மணி," என்றேன்.