ஜெபக் குரூப்பில் சொன்ன ஊர்

என் பிரியமுள்ள மச்சானே, அருளப்பா,

கல்லறைத் திருநாளுக்கு வந்து உனக்கு மெழுகுவத்தி ஏற்றியபோது இதைச் சொல்லத்தான் வந்தேன். சுற்றிலும் ஜனம், வாய் வரவில்லை. எழுத்து எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். நம் கோயில் பத்திரிகை பங்கு மலரில் போடப் போகிறார்களாம். போடட்டும்.

உன் மகன் செல்வின் போயிருக்கிறான். நீ வேலை பார்த்த அதே பீரங்கி வண்டி ஃபேக்டரி, அதே ரிப்பேர் வேலை. நீ போன மாதிரியே தார்ப்பாய் போர்த்திய பீரங்கி வண்டிகளோடு ரயிலில். எல்லையில் அடிதடி என்று டிவியில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த சமயம்.

நீ எப்படிப் போவாய்? பையைத் தூக்கிக்கொண்டு "வரேன்" என்பாய், அவ்வளவுதான். சவரப் பெட்டி அலமாரியில் இல்லை என்று பார்த்துத்தான் என் தங்கச்சி லூர்து தெரிந்துகொள்வாள். கோயிலில் பூசைக்குக் காசு கட்டும்போது என்ன கருத்து, யாருக்காக வேண்டுதல் என்று கேட்டால், "அது அவருக்குத் தெரியும்" என்று பீடத்தைக் காட்டுவாள்.

இப்போது நம் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குப் போனில் ஒரு ஜெபக் குரூப் இருக்கிறது மச்சான். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் அதில் சொல்ல வேண்டும், எல்லாரும் ஜெபிப்பார்கள். எனக்குப் படிக்க வராது, பேசிப் போடுவதை மட்டும் கேட்பேன். ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டே கேட்கிறேன், ஸ்டெல்லாவின் குரல். வீட்டுக்காரர் எந்தக் கிழமை கிளம்புகிறார், எதோடு போகிறார், எந்த ஊருக்குப் போகிறார், பத்திரமாகப் போய்ச் சேர ஜெபியுங்கள் என்று. டீயை வைத்துவிட்டு இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன்.

அதற்குப் பின்னாலேயே ஒரு பெண் குரல். மெர்சி என்று சொல்லிக்கொண்டாள். "எந்த ஸ்டேஷன்ல இறங்குறாரு சிஸ்டர்? ஸ்டேஷன் பேரச் சொல்லி ஜெபிச்சா இன்னும் நல்லது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நெமிலிச்சேரி ரோஸியின் தம்பி லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பியபோதும் அதே குரல், அதே கேள்வி. பக்கத்துத் தெரு விக்டர் தன் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஜெபம் கேட்டபோது அந்தக் குரல் வரவேயில்லை. ஸ்டெல்லாவிடமே கேட்டேன்.

"யாரும்மா அந்த மெர்சி? எந்தத் தெரு?"

"தெரியல மாமா. யாராவது சேர்த்துவிட்டிருப்பாங்க."

"மூஞ்சியப் பாத்தவங்க யார்னா கீறாங்களா?"

"ஜெபம் பண்றவங்களப் போய் சந்தேகப்படலாமா மாமா? பாவம் இல்லையா?"

"எந்த ரயிலுன்னு சாமிக்குத் தெரியும்மா. குரூப்புக்கு இன்னாத்துக்கு?"

அன்பியத் தலைவர் ஜோசப்பிடம் சொன்னேன். சிரித்தான். "இன்னா சூச அண்ணாத்தே, இந்த வயசுல சிஐடி வேலையா? நம்ம ஊட்டுக் கொடியில காயிற லுங்கியக் கூட சாட்டிலைட்ல மேலருந்து பாத்துகினு கீறானுங்க. ஸ்டெல்லா சொல்லித்தான் தெரியணுமா?" அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் வீடு வீடாகப் போய்க் கேட்டான். மெர்சியைச் சேர்த்தது நாங்கள் இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள்.

செல்வின் கிளம்பிய பிறகு, அந்த மெர்சியே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டாள். போய்ச் சேர்ந்தாரா, இப்போது எங்கே இருக்கிறார் என்று. ஸ்டெல்லா என் பக்கம் நீட்டினாள். நான் போனை வாங்கினேன்.

"அவன் எங்கம்மா போனான்? போறது நின்னு போச்சு. ஊட்லதான் கீறான். நீ எந்தத் தெருன்னு சொல்லு, நானே வந்து கும்பிட்டுட்டுப் போறேன்."

"பிரைஸ் த லார்ட் ஐயா." வைத்துவிட்டாள். அன்றைக்கே அந்தப் பெயர் குரூப்பில் இல்லை. நாங்கள் யாரும் நீக்கவில்லை.

ஜோசப் இப்போது சிரிப்பதில்லை. அந்த நம்பரைப் போலீஸில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். பார்க்கிறோம் என்றார்களாம். ஆனால் எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை மச்சான். அவள் யார்? எந்த நாட்டிலோ உட்கார்ந்து நம் கண்ணீரைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளா? இல்லை, கிழவன் அதட்டலுக்குப் பயந்து ஓடிய தனிக்கட்டையா? கேட்டவர்கள் நம்பியது நான் சொன்ன பொய்யையா, ஸ்டெல்லா முன்பே சொன்ன உண்மையையா?

செல்வினிடமிருந்து போன் இல்லை. அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். அதனால்தானா? டிவியில் எங்கோ குண்டு விழுந்தது என்று சொல்லும்போதெல்லாம் ஸ்டெல்லா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுகிறாள்.

"இனிமே எப்படி மாமா ஜெபிக்கிறது? வாயத் தொறந்தாலே பயமா இருக்கு" என்று நேற்றுக் கேட்டாள். உனக்குப் பதில் தெரியுமா மச்சான்?

"என் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்?" என்றுதானே முதலில் கேட்பாய்? பெற்றவன், கேட்கத்தான் செய்வாய். ஸ்டெல்லா அந்தப் பெயரை இங்கே எழுதப் போனாள், கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் வந்து இந்த வாசலில் ஷூவைக் கழற்றும்வரை அந்த ஊரை உன்னிடமும் சொல்ல மாட்டேன் மச்சான். கோபித்துக்கொள்ளாதே. வந்ததும் அவனையே உன்னிடம் கூட்டி வருகிறேன். அவன் வாயால் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் லூர்துவின் அண்ணன்,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
சூசை