சர்க்கரை டப்பாவின் உயரம்

மார்ச் 3, காலை 6.10. வலது கை தலைக்கு மேல் போன தடவை: பூஜ்யம்.

பைக்கிலிருந்து விழுந்து உடைந்த தோள் கூடிவிட்டதாம். எக்ஸ்ரேயில் அழகாக இருக்கிறதாம். அழகை வைத்துக்கொண்டு செல்போன் டவர் ஏற முடியுமா? ஜூன் முதல் வாரம் கம்பியில் ஒரு நிமிஷம் தொங்கிக் காட்டினால் பழைய வேலை, இல்லாவிட்டால் இப்போது உட்கார்ந்திருக்கும் ஸ்டோர் ரூமே நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

என் இடத்தில் இப்போது டவர் ஏறுகிறவன் கொக்கி; பட்டப்பெயர்தான். நான் பழக்கிவிட்ட பயல். இன்று ஜன்னலில் கையை நீட்டி, "ஸ்டோர் சார், நாலு போல்ட் குடுங்க" என்கிறான். சாராம்!

பிசியோதெரபி மேடம் கொடுத்த பயிற்சி: விரல்களை நண்டு மாதிரி சுவரில் மேலே நடத்த வேண்டும். பத்துத் தடவை, மூன்று வேளை. இதற்கா டிப்ளமா படித்தேன்?

மார்ச் 9

மூன்று நாள் செய்தேன். மூன்று நாள் செய்யவில்லை. விரல் எட்டிய இடத்தில் போட்ட பென்சில் கோடு அங்கேயே நிற்கிறது. கடுப்பு.

மார்ச் 15, ஞாயிறு

கணக்கு சுலபம். ஒரு நாளைக்கு முப்பது, வாரத்துக்கு இருநூற்றுப் பத்து. தினமும் சுவரோடு மல்லுக்கட்டுவானேன்? இன்றைக்கே மொத்தத்தையும் முடித்துவிட்டேன்.

மார்ச் 17

தோள் பன் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மேடம் ஐஸ் வைத்துக்கொண்டே, "ஏழு நாள் சாப்பாட்டையும் ஞாயித்துக்கிழமையே சாப்பிட்டுருவீங்களா தம்பி?" என்றார். பக்கத்துக் கட்டிலில் கழுத்துப்பட்டையோடு கிடந்த ஆள் சிரிக்கிறார். கழுத்து திரும்பாது, சிரிப்பு மட்டும் வருது!

பத்து நாள் எதுவும் செய்யக் கூடாதாம். அதுக்கப்புறமும் செய்யப் போறதில்ல. போதும்டா சாமி.

ஏப்ரல் 2

"பயிற்சி பண்ணலையாடா?" — அக்கா.

"உன் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 6

டீ போடப் போனால் சர்க்கரை டப்பா இரண்டாம் தட்டில். என் பிரஷ் குளியலறைக் கண்ணாடிக்கு மேலே.

"யாரு வச்சது?"

"கரப்பான் தொல்ல. எட்டலன்னா சொல்லு, எடுத்துத் தர்றேன்."

இடது கையை நீட்டினேன். "ஆமாமா, அதான் சுலபம்" என்றாள். விடுவேனா? வலது கையாலேயே எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏப்ரல் 19

துண்டு, சார்ஜர், சீப்பு... என் சாமான் ஒவ்வொன்றும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. சர்க்கரை இப்போது மூன்றாம் தட்டு. இது வீடா, குரங்குக் கூண்டா? கத்தினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காதிலேயே வாங்கவில்லை.

மே 11

சீக்கிரம் விழித்துவிட்டேன். அடுப்படியில் அக்கா ஸ்டூல் மேல் ஏறி, குதிகாலைத் தூக்கி, சர்க்கரை டப்பாவை உச்சித் தட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள். என் தோள் உயரம்தான் இருப்பாள். ஒரு கால் ஆடுகிற ஸ்டூல் அது.

"விழுந்து கைய ஒடச்சுக்கப் போறியா? வீட்ல ஒருத்தன் ஒடச்சது பத்தாதா?"

"நீ டீ போட்டுட்டுக் கீழயே வச்சுட்டுப் போயிடுற. தினமும் ஏத்த வேண்டியிருக்கு."

"தினமுமா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா செஞ்சிருப்பியா?"

கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் சுவர்ப் பக்கம் போனேன். பழைய கோட்டைத் தாண்டி ஒரு முழம் மேலே போய் நின்றது விரல்.

ஜூன் 4

தொங்கினேன். நாற்பது விநாடியில் கை விட்டது. கொக்கி கை தட்டினான், முறைத்தேன். "அடுத்த மாசம் வா" என்றார் மேனேஜர். அந்த இருபது விநாடியை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி:

1. சுவர் மூன்று வேளையும். பத்துத்தான். பதினொன்று கிடையாது.

2. மதியப் பயிற்சி ஸ்டோரிலேயே, கொக்கி கண்ணெதிரில். சிரித்தால் சிரித்துத் தொலையட்டும்.

3. ஸ்டூல் காலுக்கு ஆணி அடிப்பது.

4. டீ போட்டதும் டப்பாவை நானே உச்சித் தட்டில் வைப்பது. வலது கையால்.