உன் குரலைத் தவிர எல்லாம் இருக்கிறது

மச்சான்,

இன்று காலை டுரியான் துங்கால் சாலையில் எனக்கு முன்னால் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கார்க் கண்ணாடியை ஏற்றியும் பயனில்லை, அந்த நாற்றம் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. ரப்பர் மரத்துக் கோப்பையில் பால் உறைந்து, நாள்பட்டுப் புளித்த அதே வாடை. மற்ற கார்கள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. நான் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே போனேன். பக்கத்து இருக்கையில் உன்னுடைய கைப்பேசி கிடந்தது. அதை உன் வீட்டில் திருப்பிக் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போனேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல பையன், பல்கலைக்கழகத்தில் வேலை. உனக்குப் பிடித்திருக்கும். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாதே, அதனால் தாய்மாமன் முறைக்கு நான்தான் நிற்கப்போகிறேன். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உன் மகள் கேட்ட இன்னொன்றில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

"மாமா, அப்பா குரல் ஒன்னு வேணும். மண்டபத்துல போடணும். சும்மா ஒரு வார்த்தை போதும். ஆனா அப்பா அப்பாவா பேசுனதா இருக்கணும்."

இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். வாயை மூடத் தெரியாத ஆள் நீ. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே பிள்ளைகளுக்குப் படம் காட்டினவன். கைப்பேசி நிறைய உன் குரல்தான் இருக்கும், ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். தெங்கேராவில் ஜன்னலுக்கு இரும்புக் கிரில் செய்கிற என் கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு, பின்னால் இருக்கிற அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

உன் வாயில் நம் சினிமா ஹீரோ இருக்கிறார். அவரோடு சண்டை போடுகிற வில்லன் இருக்கிறான். வில்லனின் கையாள் கூட இருக்கிறான். மலாயில் மூச்சுவிடாமல் கத்துகிற பந்து வர்ணனையாளர் இருக்கிறார். தோட்டத்தில் கணக்கு எழுதிய கெரானி இருக்கிறார், அவர் வளர்த்த வாத்தும் இருக்கிறது. எனக்கு நீ அனுப்பிய பதிவுகள் எல்லாம் இந்த லட்சணம்தான். "சாயங்காலம் டீ குடிக்க வாடா" என்று சொல்வதற்குக்கூட உனக்கு ஒரு வசனக்குரல் தேவைப்பட்டிருக்கிறது. எல்லாரும் இருக்கிறார்கள், நீ மட்டும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டினேன். கடையில் வேலை செய்கிற பங்களாதேஷ்காரப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இந்தப் பைத்தியம் உனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். லூபோக் சீனா பக்கத்தில் நம் தோட்டம், தோட்டத்து மன்றம், அதில் இருந்த ஒரே வண்ணத் தொலைக்காட்சி. படம் போட்டாலும் அதில்தான், பந்து விளையாட்டு போட்டாலும் அதில்தான். ஒரு வாரம் நம் ஹீரோ தலைமுடியைக் கோதிக்கொண்டு வருவார். மறுவாரம் அதே பெட்டியில் நாட்டுக் குழுவின் கீப்பர் அந்தரத்தில் பறப்பார். உனக்கு இரண்டு பேரும் வேண்டும். மறுநாள் பாடாங்கில், அந்த மொட்டைத் திடலில், உன் அப்பா தோட்டத்துக்குப் போட்டுப் போகிற துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நிற்பாய். கம்பம் கிடையாது. இரண்டு பக்கமும் செருப்புகளைக் குவித்திருப்போம். ஆனாலும் அந்தக் கீப்பர் மாதிரியே இல்லாத கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிற்பாய்.

பந்தும் நீ செய்ததுதான். ஒட்டுப்பாலை நாடா நாடாவாக இழுத்து இழுத்துச் சுற்றினது. பிடித்தால் கை நாறும், தலையில் பட்டால் தலை நாறும். பாய்ந்து பிடிப்பாய். பிடித்ததோடு விடமாட்டாய். எழுந்து மண்ணைத் தட்டி, ஒரு காலை மடக்கி நின்று, ஹீரோ குரலில் வசனம் பேசிவிட்டுத்தான் பந்தைப் போடுவாய். எதிர்ப்பக்கத்துப் பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கைத்தட்டுவார்கள்.

பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த ஆட்டத்தில் என்ன ஆனது? நிஜப் பந்து, நிஜக் கம்பம், மரத்தடியில் பெரியவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். நம்மை முடித்திருக்கவேண்டிய ஒரு பந்தை நீ விரல் நுனியால் வெளியே தள்ளினாய். அதைச் செய்ய அந்தப் பாடாங்கில் வேறு ஆள் கிடையாது. உடனே சும்மா இருந்தாயா? பெரியவர்களைப் பார்த்துத் திரும்பி முடியைக் கோதி வசனத்தை ஆரம்பித்தாய். எதிர்ப்பக்கத்துப் பையன்கள் மூலையிலிருந்து பந்தை உதைத்து உன் முதுகுக்குப் பின்னால் கோலில் போட்டுவிட்டுப் போனார்கள். உன் அப்பா கழற்றிய செருப்போடு உன்னைத் திடலைச் சுற்றித் துரத்தினார். ஓடிக்கொண்டே நீ மலாய் வர்ணனை கொடுத்தாய். அடிக்க வந்த மனுஷன் சிரித்துவிட்டார்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து உன்னிடம் கேட்டேன், ஏன்டா அப்படிச் செய்தாய், பந்தைப் பிடித்ததே போதுமே என்று. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "பந்தைப் புடிச்சது நான்டா. என்னைய யாருலா பாப்பாங்க? அவரு மாதிரி நின்னாத்தான் பாப்பாங்க."

அதை நான் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். இல்லை. நீ சாகும்வரை அதை நம்பினாய். உன் மூஞ்சி யாருக்கும் வேண்டாம், உன் குரல் யாருக்கும் வேண்டாம் என்று நம்பினாய். நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்குமே அந்த எண்ணம் கொஞ்சம் உண்டு. பெரிய ஆள் என்றால் அவன் வேறு எங்கோ இருப்பான், பெட்டிக்குள்ளே இருப்பான், நம் லயத்து வீட்டு வரிசையில் இருக்கமாட்டான் என்ற எண்ணம். மற்றவர்கள் வளர்ந்ததும் அதை உதறிவிட்டார்கள். நீ அதை ஒரு வேடிக்கை ஆக்கிக்கொண்டாய். வேடிக்கையாக இருந்ததால் நாங்களும் விட்டுவிட்டோம்.

தொண்டையில் நோய் என்று தெரிந்தபோதுகூட உனக்கு அது போகவில்லை. அறுவை செய்தால் உயிர் கொஞ்சம் நிற்கும், பேச்சு போய்விடும் என்றார்கள். போகிறதுக்கு முன்னால் பிள்ளைக்கு ஏதாவது பேசி வையுங்கள் என்று தங்கச்சி அழுதிருக்கிறாள். நீயும் சரி என்று பேருந்தை அணைக்கட்டுப் பக்கம் நிறுத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து பேசி வைத்தாய். உன் மகளின் கல்யாணத்துக்கு என்றே ஓர் ஆசி பேசி வைத்தாய். நேற்றுதான் அதைக் கேட்டேன். "மகளே..." என்று தொடங்குகிறது. ஹீரோ குரல்! அப்பா வேடத்தில் வருவாரே, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தக் குரல். ஒரு பிசிறு இல்லை. கேட்டால் அவரே வந்து வாழ்த்துகிறார் என்று மண்டபமே எழுந்து நிற்கும்.

உன் மகள் அதை எப்போதோ கேட்டுவிட்டாள். "அது அப்பா இல்ல மாமா. அது அவரு. எனக்கு அவரு வேணாம்" என்றாள்.

உனக்கு அறிவு இருக்கிறதா? கடைசியாக உனக்கு ஒரு குரல் இருந்த நாள் அது. அதையும் கொண்டுபோய் அந்த ஆளிடம் கொடுத்தாயே. அவருக்கு ஏற்கெனவே ஊரெல்லாம் குரல்தானே. இந்தப் பிள்ளைக்கு நீ ஒருத்தன்தானே அப்பா. அப்புறம் பேச்சு போன பிறகு, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹீரோ மாதிரி நடந்து காட்டினாய். நானும் சிரித்தேன்.

பயம் என்னவென்றால், எனக்கும் உன் குரல் நினைவில்லை. உட்கார்ந்து யோசித்தால் அவர்கள்தான் வருகிறார்கள். உன் சிரிப்பை யோசித்தால் வில்லன் சிரிக்கிறான். போன வாரம் தோட்டத்துக்கே போய்ப் பார்த்தேன். பாடாங் முழுக்கச் செம்பனை நட்டுவிட்டார்கள். கோல் இருந்த இடம் எது என்று குத்துமதிப்பாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். தோட்டத்துக் காவலாளி மோட்டார் சைக்கிளில் வந்து, "சாரி அப்பா?" என்று மலாயில் கேட்டார், என்ன தேடுகிறாய் என்று. ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தேன்.

ஆகவே இன்று காலை கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, "ஒன்றும் கிடைக்கவில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் போனேன். உன் வீட்டு வாசலில் உன் மகள் காரின் பின்பக்கத்தைத் திறந்து, தாம்பூலப் பைகள் நிறைந்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். பெட்டி அவளைவிடப் பெரிது. கை நழுவுகிறது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் காரிலிருந்து இறங்கி ஓடினேன்.

"விடு விடு, நான் பாத்துக்கிறேன்!"

பெட்டி கீழே விழுந்துவிட்டது. அவள் போட்டுவிட்டாள். பைகள் எல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறிக் கிடக்க, அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, இப்ப என்னா சொன்னீங்க?" என்றாள். அதற்குள் தங்கச்சி கையெல்லாம் மாவோடு அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இரும்புக் கேட் பக்கம் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

"அப்பா குரல் மாமா. அப்படியே அப்பா" என்றாள் உன் மகள்.

அது எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ கோலில் நிற்பாய், நான் உனக்கு முன்னால் தடுப்பில் நிற்பேன். எனக்கு நடிக்கவும் வராது, பறக்கவும் வராது. "என்னையப் பாத்துச் செய்டா" என்பாய். மன்றத்தில் எல்லாரும் பெட்டியைப் பார்த்தபோது நான் உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ எப்படிச் செய்யப்போகிறாய் என்று. நீ அவர்களைப் பார்த்துச் செய்தாய், நான் உன்னைப் பார்த்துச் செய்தேன். ஆனால் பந்து வேகமாக நம் பக்கம் வருகிற நேரத்தில் உனக்கு வேடம் போட அவகாசம் இருக்காது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும், "விடு, நான் பாத்துக்கிறேன்!" என்று. அதைக் கேட்டால் நான் ஒதுங்கிவிடுவேன். அது ஹீரோவும் இல்லை, கீப்பரும் இல்லை. அது நீ. வளர்ந்த பிறகும் அப்படித்தான். மகளின் சைக்கிள் சங்கிலி கழன்றாலும், என் கடைக்கு இரும்பு இறங்கினாலும், முந்திக்கொண்டு வருவாயே, அதே வார்த்தை. எனக்கே தெரியாமல் அது என் வாயில் வந்து தங்கிவிட்டது.

உன் மகள் அவசரமாகக் கைப்பேசியை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி என் முன்னால் நீட்டினாள். "சொல்லுங்க மாமா."

சொன்னேன். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி சொன்னேன். கத்திச் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னேன். அவளையே பெட்டியை இழுக்கச் சொல்லிவிட்டு, காரிலிருந்து ஓடி வந்து சொன்னேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓர் ஆளைப் போல நடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். உன் மகள் கடைசியில், "இது மாமா குரல்" என்று சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து பைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

கிளம்பும்போது அவள் ஒரு யோசனை சொன்னாள். கல்யாணத்தன்று அவளுடைய கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்தி என் சட்டைப் பையில் வைத்துவிடுவாளாம். காலையிலிருந்து பந்தி முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்குமாம். "எப்பயாவது தானா வந்துரும் மாமா. நீங்க நெனைக்காம இருங்க, போதும்."

நினைக்காமல் இருக்கவேண்டுமாம். அவள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போகப்போகிறேன். நீ நிற்கவேண்டிய இடத்தில் உன் படம் மாலையோடு நாற்காலியில் இருக்கும். அங்கே நின்றுகொண்டு உன்னை நினைக்காமல் இருக்கவேண்டும். நான் முயன்றால் நீ வரமாட்டாய். மறந்தால்தான் வருவாய். எனக்கு அது முடியாதுடா. ஒரு நிமிஷம்கூட முடியாது. எனக்குள்ளே எங்கோ நீ இருக்கிறாய், உன் பிள்ளைக்கு அதை எடுத்துக் கொடுக்க என்னால் முடியவில்லை.

ஒன்றுதான் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் நான் உன்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. பந்து வரும், நீ பின்னால் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன் பிள்ளை என் பக்கத்தில் இருப்பாள். உனக்கு வேடம் போட அவகாசம் கொடுக்கமாட்டேன். திரும்பவும் மாட்டேன். பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை கூப்பிடு மச்சான். நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.