சுற்ற மறுத்த கைப்பிடி

இன்று காலை அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். திரையின் இடப்பக்கம் உதிரிப் பாகங்களின் பட்டியல் விரிந்தது. தண்டு, உருளை, பேரிங், அதற்குக் கீழே 'சித்தப்பா மூக்கு'. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். கைப்பிடியின் குமிழுக்கு நீ வைத்த பெயர் என்று அவருக்கு எப்படி விளக்குவது? உன் சித்தப்பாவைப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உன் குறும்பு மட்டும் கோப்பில் அப்படியே இருக்கிறது.

கருக்களாச்சேரியில் உன் அண்ணனுக்குத் தோள்பட்டை விலகிய வருடம் நினைவிருக்கிறதா? கடலுக்குப் போனால் அவரால் வலை இழுக்க முடியவில்லை. படகை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. மறுநாள் நீ அலுவலகத்துக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல், "ஊருக்கெல்லாம் மெஷின் வரையிறோம். எங்கண்ணனுக்கு ஒண்ணு வரைய மாட்டமா?" என்றாய். கையால் சுற்றி வலையை மேலேற்றும் ஒரு சிறிய எந்திரம். வேலை முடிந்த மாலைகளில் ஆரம்பித்தோம். பாகங்களை நீ வரைந்தாய். அவற்றைக் கணினியில் ஒன்றோடொன்று சேர்க்கும் வேலை எனக்கு.

எந்தப் பாகம் எதோடு எப்படிப் பொருந்த வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் கட்டுப்பாட்டை நாம் 'மேட்' என்போம். அம்பகரத்தூர்க்காரி நான், நட்ட வயல் போல எல்லாம் வரிசையாக நின்றால்தான் எனக்கு நிம்மதி. எதையும் மிச்சம் விடாமல் மேட் போட்டு, பெருமையாக உன்னைக் கூப்பிட்டேன். நீ மவுஸால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாய். அசையவில்லை.

"ஏய், இது வலை இழுக்கிற மெஷினா, போட்டோவுக்கு நிக்கிற மெஷினாடி?"

"ஆடாம இருக்கணும்னுதானே எல்லாத்தையும் கட்டுனேன்."

"எது அசையணும்னு மொதல்ல கேளு. மிச்சத்தை அப்பறம் கட்டலாம்."

கைப்பிடி பார்க்க அழகாக நிற்கட்டும் என்று அதைச் சட்டத்துக்கு இணையாக்கியிருந்தேன். அந்த ஒரு கட்டுப்பாட்டை நீ அழித்தாய். தண்டு பேரிங்குக்குள் மையம் மாறாமல், பக்கவாட்டில் நழுவாமல், சுழல மட்டும் செய்தது. உருளை சுற்ற, நீயும் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாய்.

ஆனால் நம் இருவர் காதையும் திருகியவர் உன் அண்ணன்தான். மடிக்கணினியை மீன்பெட்டி மேல் வைத்துக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வலை என்ன, நம்ம பேச்சு கேட்டு நேராவா வரும்? நீரோட்டம் இழுத்தா இந்தப் பக்கமும் வரும், அந்தப் பக்கமும் வரும். இது மூஞ்சியத் திருப்பாதா?"

அடிச்சட்டத்தைப் படகோடு அசையாமல் பூட்டியிருந்தோம். அது தப்பாக இருக்கலாம் என்று அதுவரை இருவருக்குமே தோன்றவில்லை. அன்று மாலையே அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, சட்டம் இடமும் வலமும் திரும்ப ஒரு சுழல்தட்டும், வேண்டிய இடத்தில் நிறுத்த ஒரு முளையும் சேர்த்தோம்.

எந்திரத்தோடு படகு முதன்முதலாகக் கடலுக்குப் போன அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு கரையில் நின்றோம். நீ நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாய். முற்பகலில் படகு வந்தது. அண்ணன் இறங்கி லுங்கியைப் பிழிந்தார். உனக்குப் பொறுக்கவில்லை.

"தோளு வலிச்சுச்சாண்ணே?"

"தோளு வலிக்கல. கூட வந்த ரெண்டு பேரும் வேலை இல்லாம பேசிப் பேசி, காதுதான் வலிக்குது."

சிரித்தாய். சிரித்தபடியே மணலில் உட்கார்ந்து அழுதாய். படகை விற்கும் பேச்சு அத்தோடு போயிற்று.

உன்னைக் கொண்டுபோன நோயைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். நீயே அதைப் பேச விட்டதில்லை.

திருவேட்டக்குடியில் மூன்று படகுக்காரர்கள் அதே எந்திரம் கேட்கிறார்கள் என்று அண்ணன் போன் செய்தார். அவர்கள் படகு கொஞ்சம் பெரிது. நேற்றே போய், வலை எந்தெந்தப் பக்கம் இழுக்கும் என்று கேட்டு வந்தேன். இப்போதெல்லாம் கேட்காமல் எதையும் பூட்டுவதில்லை. இன்று அந்தப் பழைய கோப்பில் தண்டைத் தடிமனாக்கினேன், பேரிங்கை மாற்றினேன், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அசைய வேண்டியவை அசைந்தன.

வரைபடத்தின் மூலையில், 'வரைந்தவர்' கட்டத்தில் உன் பெயர் இருந்தது. 'சரிபார்த்தவர்' கட்டம் காலி. சண்டை போட்டுக்கொண்டே சரிபார்த்ததில் அதை நிரப்ப நமக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது. அதில் என் பெயரை எழுதி, அச்சுக்கு அனுப்பினேன்.