ஏழு கேள்விக்கு நான் போட்ட பொய் மதிப்பெண்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறோம். போன மாதம் போனில் எனக்கு வெறும் ஜலதோஷம் என்றேன். அது பாதிதான் உண்மை. மீதியை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷமாகவே எனக்குச் சிறுநீர் சரியாகப் போவதில்லை. நின்று நின்று சொட்டும், போய் வந்த பிறகும் போகாதது போலவே இருக்கும். துறைமுகத்தில் கிரேன் கேபினிலிருந்து இறங்கி ஏற இருபது நிமிஷம் ஆகும் என்பதால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். உன் அம்மா நச்சரித்து டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண், எவ்வளவு தொந்தரவோ அவ்வளவு போட வேண்டும். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்க உண்மையை எழுத எனக்குக் கை வரவில்லை, பூஜ்யமும் ஒன்றுமாகப் போட்டு நீட்டிவிட்டேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னார், வேலைக்கு நேரமாகிறது என்று நழுவினேன்.

பிறகுதான் ஜலதோஷம் வந்தது. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள் காலையிலிருந்தே ஒரு சொட்டுகூட வரவில்லை, சரியாகிவிடும் என்று கிரேனில் ஏறிவிட்டேன். பத்து மணிக்கு அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. கொக்கியில் சரக்குப் பெட்டி தொங்குகிறது, அதைக் கப்பலில் வைக்காமல் இறங்கவும் முடியாது. வைத்துவிட்டு ஏணியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கீழே சைகை காட்டும் மொட்டைதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்குமேல் வந்தது.

அங்கே வந்த அதே டாக்டர் அந்தத் தாளை மறுபடி கொடுத்தார். நான் பேனாவை எடுப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள். “இவர விடுங்க டாக்டர், ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறார்னு எனக்குத்தான் தெரியும்.” முப்பத்தைந்துக்கு இருபத்தெட்டு வந்தது. டாக்டர் கோபப்படவில்லை. வயது, சுரப்பியின் அளவு, நீர் போகும் வேகம், உள்ளே தங்கும் அளவு, இந்தத் தாள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் யாருக்கு அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும், அப்போதும் அது உறுதி இல்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நீங்க உண்மைய எழுதியிருந்தா, மூக்கடைப்பு மாத்திரை நீர் போற வழிய இறுக்கிடும், அதத் தொடாதீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன்.” எனக்கு நறுக்கென்று உறைத்தது.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். கழிவறைக் கதவுக்கு வெளியே உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே நீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் அழுதது எனக்குக் கேட்டது. இப்போது சுரப்பி வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், மறுபடி அடைத்தால் அறுவை சிகிச்சை என்று சொல்லியிருக்கிறார்கள், நானும் சரி என்றுவிட்டேன். கம்பெனியில் தரை வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

உன் தாத்தாவுக்கும் இந்தத் தொல்லை இருந்ததாம், பெரிய அத்தை இப்போதுதான் சொல்கிறாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கு இன்னும் வயதிருக்கிறது, பயப்படாதே. ஐம்பதை நெருங்கும்போது டாக்டரிடம் போ, உன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இது இருந்தது என்பதை முதலில் சொல். நல்லபடியாக இரு, நிறைய நாள் இரு.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா